நடக்காத பந்தயத்தின் இலக்கணம்

நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து என்றொரு மாகாணம். அதன் தலைநகர் லேவார்டனில் விடியுமுன் புறப்பட்டு, ஸ்னேக், ஸ்லோட்டன், ஹிண்டலோப்பன், டொக்கும் என்று பதினொரு பழைய ஊர்களையும் உறைந்த கால்வாய், ஏரி வழியாகச் சறுக்கியே சுற்றி, நள்ளிரவுக்குள் லேவார்டனுக்கே திரும்ப வேண்டும். வழியில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எல்ஃப்ஸ்டேடன்டொக்ட் என்பது அவர்கள் வைத்த பெயர். நாம் பதினொரு ஊர்ப் பந்தயம் என்போம். இதை ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயம் என்று எழுதுவது விளையாட்டு நிருபர்களின் வழக்கம். அவ்வழக்கு பொருந்தாது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். பதினொரு ஊர்ப் பந்தயம் அடிப்படையில் காத்திருக்கும் விளையாட்டு. சறுக்குவது அதில் எப்போதேனும் நேர்ந்துவிடும் குறுக்கீடு.

முதற் சான்று கணக்கு. இப்பந்தயம் முறைப்படி நடக்கத் தொடங்கியதும் அதற்கென்று சங்கம் அமைந்ததும் 1909இல். அன்று முதல் 2024 முடிய 116 ஆண்டுகள், அதாவது 42,000 நாட்களுக்கு மேல். இவற்றுள் பந்தயம் நடந்த நாட்கள் 15. 1963க்குப் பின் அடுத்தது 1985இல், மறுவருடமே இன்னொன்று, பிறகு 1997இல் ஒன்று. அதோடு சரி. ஒரு மனிதன் 2,800 நாட்களுக்கு ஒருநாள் வயலின் வாசித்தால் அவனை வயலின் வித்வான் என்று யாரும் அழைப்பதில்லை. மற்ற நாட்களில் என்ன செய்கிறான் என்றுதான் விசாரிப்பார்கள். இங்கும் முறையான கேள்வி அதுவே. மற்ற நாட்களில் ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் ஐஸின் தடிமனைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பேச்சு என்றால் வெறும் பேச்சன்று. அதற்கு நிர்வாகம் உண்டு. பாதை முழுவதும் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டப் பொறுப்பாளர் இருக்கிறார். இவர்கள் எல்லாருக்கும் மேலாக ஐஸ் மேற்பார்வையாளர் ஒருவர். குளிர் பிடித்ததும் துளைபோடும் கருவியோடு கிளம்பிவிடுகிறார்கள். துளையில் அளவுகோலை விட்டுப் பார்ப்பதற்குள் சுற்றிலும் கேமராக்கள். மேட்டூர் அணை நீர்மட்டம் நம் பத்திரிகைகளில் அடிக்கணக்கில் வருவதுபோல அங்கே ஐஸ் சென்டிமீட்டர் கணக்கில் செய்தியாகிறது. பாதை நெடுக 15 சென்டிமீட்டர் தேறினால்தான் பொறுப்பாளர்கள் கூடிச் சரி என்பார்கள். ஒட்டியோ ஒதுக்கியோ சரிக்கட்ட முடியாத ஓரிடத்தில் 12 இருந்தால் கதை முடிந்தது.

காத்திருப்பது விளையாட்டாகுமோ, அதில் எதிராளி யார், வெற்றி தோல்வி எங்கே எனின், கூறுதும். எதிராளி தண்ணீர். அதன் ஆட்டத்திறன் சாமானியமானதன்று. தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி அதிகம். ஆகவே குளிரத் தொடங்கியதும் மேல்நீர் கனத்துக் கீழே போய்விடும். கால்வாய் முழுவதும் 4 டிகிரிக்கு இறங்கிய பிறகே மேற்பரப்பு உறைவதைப் பற்றி யோசிக்கும். உறைந்த பின்னும் தொல்லை தீராது. ஐஸே குறுக்கே நின்று, அடியிலுள்ள நீரின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். ஆதலால் தடிக்கத் தடிக்க வளர்ச்சி மந்தப்படும். குளிர் ஒரே சீராக இருந்தால், 5 சென்டிமீட்டர் உறைய ஆன காலத்தைப்போல் 15 சென்டிமீட்டர் உறைய ஏறத்தாழ ஒன்பது மடங்கு காலம் ஆகும். இடையே வானத்திலிருந்து பனி கொட்டினால், அது மேலும் ஒரு காப்பாகப் படுத்துக்கொண்டு உறைதலைக் கெடுக்கும். பாலத்தடியில் ஐஸ் எப்போதும் மெலிவு. காற்று அலைக்கும் இடத்தில் ஓட்டை. இத்தகைய எதிராளியோடு ஒப்பிட்டால் பக்கத்தில் சறுக்கிவரும் போட்டியாளர் ஒரு பொருட்டே அல்லர்.

இந்த எதிராளியை வெல்ல அவர்கள் செய்யும் தந்திரங்களைப் பார்த்தாலே ஆட்டம் எது என்பது விளங்கிவிடும். பனியைப் பெருக்கித் தள்ளுகிறார்கள். ஓட்டை விழுந்த இடத்துக்கு வேறிடத்து ஐஸை வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குரிய சொல்லையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். எதுவும் பலிக்காத இடத்தில் கரையில் கம்பளம் விரித்து, ஸ்கேட்டிங் ஷூவைக் கழற்றாமலே போட்டியாளரை நடத்திக் கூட்டிப் போகிறார்கள். சறுக்குவதே நோக்கமெனில், நடக்கவிட்டாவது பந்தயத்தை முடிக்கும் இந்தப் பிடிவாதத்துக்கு விளக்கம் இல்லை.

சறுக்கியவர்களின் புகழை என்ன செய்வது எனின், மறுக்கவில்லை. 1963இன் கொடும்பனியில் ரைனியர் பாப்பிங் ஏறத்தாழ 11 மணி நேரத்தில் வென்றார். அன்று புறப்பட்ட பல்லாயிரம் பேரில் மிகச் சிலரே ஊர் திரும்பிச் சேர்ந்தார்கள். 1929இல் வென்ற கார்ஸ்ட் லேம்பர்க் கால்விரலைப் பறிகொடுத்தார். 1985, 1986 இரண்டிலும் வென்றவர் எவர்ட் வான் பெந்தம் என்னும் மாட்டுப்பண்ணைக்காரர். 1997இல் ஹெங்க் ஆங்கனென்ட் என்னும் விவசாயி, களைக்கோசு பயிரிடுபவர். இன்று மன்னராயிருக்கும் வில்லெம்-அலெக்சாண்டர் 1986இல் இளவரசராக, வான் பியூரன் என்ற மாற்றுப்பெயரில் கலந்துகொண்டார். இப்பட்டியலை உற்றுநோக்குக. விவசாயியும் பண்ணைக்காரரும் பட்டத்து இளவரசரும். மூவருக்கும் பொதுவான தொழில்திறன் ஒன்றுதான்: தன் கையில் இல்லாத ஒன்றுக்காகப் பல்லாண்டு காத்திருப்பது.

ஐஸ்தான் குறையென்றால் செயற்கை ஐஸ் அரங்கு இருக்கிறதே எனின், அற்றன்று. அதே ஃப்ரீஸ்லாந்தில் ஹேரன்வேன் ஊரில் தியால்ஃப் என்ற புகழ்பெற்ற அரங்கு உண்டு. 400 மீட்டர் தடம், வெயிலோ மழையோ கவலையில்லை. 500 சுற்று வந்தால் 200 கிலோமீட்டர் ஆயிற்று. அதை யாரும் பதினொரு ஊர்ப் பந்தயம் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆஸ்திரியாவின் வைசன்சே ஏரியில் 1989 முதல் மாற்றுப் பந்தயமும் நடக்கிறது. டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் போய் 200 கிலோமீட்டர் சறுக்கிவிட்டு, வீடு திரும்பியதும் மறுபடி ஊர்க் கால்வாயைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். சறுக்கும் ஆசை தீர்ந்தும் தீராத ஒன்று மிஞ்சுகிறதல்லவா, அதுவே இவ்வாய்வின் பொருள். அதே பாதையைச் சைக்கிளில் சுற்றுகிறார்கள். நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற மார்ட்டன் வான் டெர் வைடன் 2019இல் அதை நீந்தியே முடித்தார். தண்ணீர் கெட்டியாகவில்லை என்பதற்காக அதிலேயே குதித்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீந்துவதைவிடத் தீவிரமான காத்திருப்பு இருக்க முடியாது.

கடைசி ஆட்சேபம் ஒன்றுதான் கனமானது. குளிர்காலங்கள் வெதுவெதுப்பாகி வருகின்றன; பந்தயம் இனி நடக்கவே நடக்காமல் போகலாம். நடக்காமையே இதன் இயல்பென்றால், பருவநிலை மாற்றத்தால் இது செழிக்கிறது என்று சொல்ல வேண்டிவருமே எனின், இங்கே சற்று இறங்கிவரத்தான் வேண்டும். காத்திருப்புக்குச் சந்தேகம் தேவை. 8 சென்டிமீட்டரோ 13 சென்டிமீட்டரோ, துளைபோட ஏதேனும் இருக்க வேண்டும். ஐஸே படியாத ஜனவரியில் வட்டப் பொறுப்பாளர் வேலையற்றவர். ஆகவே இவ்விளையாட்டுக்கு ஆபத்து பந்தயம் நடக்காமையால் அன்று, நடக்குமோ என்ற பேச்சு எழாமையால்.

இந்த அளவுகோலில் 2012தான் தலைசிறந்த ஆண்டு. அந்தப் பிப்ரவரியில் பாதையின் பெரும்பகுதி உறைந்தது. தொண்டர்கள் திரளாகத் துடைப்பமும் தள்ளுகட்டையுமாக இறங்கினார்கள். தெற்கே சில இடங்களில் மட்டும் தடிமன் எட்டவில்லை என்று சங்கம் கைவிரித்தது. சறுக்கல் கலக்காத சுத்தமான காத்திருப்பு. முடித்தவர்க்குத் தரும் சிலுவைப் பதக்கத்தை அன்று பெருக்கியவர்களுக்குத் தருவதே நியாயம் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. சங்கம் ஏற்குமா என்பது சந்தேகம். 1956இல் முன்னணியில் வந்த ஐவர் போட்டி வேண்டாமென்று சேர்ந்தே எல்லைக்கோட்டைக் கடந்தபோது, வென்றவர் எவருமில்லை என்று அறிவித்தவர்கள் அவர்கள். ஐந்து பேர் சேர்ந்து சறுக்கியதற்கே முதற்பரிசு இல்லையென்றால், ஒரு மாகாணமே சேர்ந்து பெருக்கியதற்கு என்ன தந்துவிடப் போகிறார்கள்?