மாலத்தீவு மாமா

பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாலசமுத்திரத்தில் சமுத்திரம் பெயரில் மட்டும்தான். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைத்து மனசைத் தேற்றிக்கொண்டவர்கள் நம் முன்னோர். நிஜக் கடலைப் பார்க்க எந்தத் திசையில் காரை விட்டாலும் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. இந்த ஊரில்தான் ஒருவர் வருஷம் தவறாமல் டீக்கடை பெஞ்சுக்கு வந்து, "மாப்ளே, மாலத்தீவா, இத்தாலியா?" என்று கேட்கிறார். எனக்குத் தாய்மாமா. ஊருக்கு மாலத்தீவு மாமா.

தென்னந்தோப்புக்காரர். 45 நாளுக்கு ஒரு வெட்டு. வியாபாரி வந்து பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போன சாயங்காலம், சிலருக்குச் சாமி வருவதுபோல மாமாவுக்குக் கடல் வரும்.

மாலத்தீவில் இந்தியர்களுக்குப் போய் இறங்கிய இடத்திலேயே விசா சும்மா கொடுக்கிறார்கள். சும்மா கொடுப்பதாலேயே மாமாவுக்கு அதன்மேல் ஒரு சந்தேகம். "கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுக்கறான்னா சரக்குல ஏதோ குறை மாப்ளே." செல்போனில் அந்தத் தீவுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நீலக்கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. கடலை அவர் பார்க்கவே இல்லை. "இந்த மரத்துல வெள்ளை ஈ விழுந்திருக்கு பாரு. மட்டையெல்லாம் கருத்துப்போச்சு. மருந்தடிக்க ஆளில்ல போல." காசு கொடுத்து விமானம் ஏறிப்போய் இன்னொருத்தன் தோப்புக்குக் கவலைப்பட வேண்டுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

அத்தையின் ஆட்சேபம் வேறு. எங்கே போனாலும் பெட்டிக்குள் ஒரு சாண் உயரப் பழனியாண்டவர் வந்தாக வேண்டும். மாலத்தீவுக்குள் வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்த அன்று அந்த வருஷத்து மாலத்தீவு முடிந்தது.

உடனே ஐரோப்பா. இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைச் சாலையைப் படத்தில் பார்த்துவிட்டு, "கொடைக்கானல் ரோட்டுக்குக் கீழே கடலைக் கொண்டாந்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார் மாமா. அத்தைக்குப் பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறுவதற்குள் மூன்று முறை வாந்தி வரும். அதனால் இத்தாலி போய்ப் பிரான்ஸ் வந்தது. நீஸ் நகரத்துக் கடற்கரையில் மணலுக்குப் பதில் கூழாங்கல். "பொருந்தலாத்துல இல்லாத கல்லா? அதுமேல படுக்கறதுக்கு யூரோவா?"

இத்தனைக்குப் பிறகும் ஐரோப்பாவை அவர் விடவில்லை. கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸ் பையனைப் போய்ப் பார்த்தோம். ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுத்தாலும் திரும்ப வராது. "உண்டியல்ல போட்ட மாதிரியா?" என்று மாமா கேட்டார். பையன் பொறுமையாகத் தலையாட்டி, 30,000 யூரோவுக்குக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு என்று அடுக்கினான். வரிக் கணக்கு என்றதும் மாமா முகம் சுருங்கியது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் கணக்கும் போட்டதில்லை என்பதுதான் இத்தனை நாளும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேசும் பெருமை. அந்தப் பெருமையே குறுக்கே வந்து விழும் என்று யார் கண்டது? திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. உடுமலை தாண்டியதும்தான், "மாலத்தீவுல இதெல்லாம் கேக்க மாட்டான்ல?" என்றார்.

நாள் பார்ப்பதிலும் மாமா கெட்டி. தைப்பூசத்துக்கு நடந்து வரும் சொந்தக்காரர்களுக்குச் சோறு போட வேண்டும். அதற்கப்புறம் பங்குனி உத்திரம். வைகாசி தாண்டினால் மாலத்தீவில் மழை. மழை விட்டதும் ஐரோப்பாவில் குளிர். நடுவில் ஏதாவது பத்து நாள் மிஞ்சினால் அது தேங்காய் வெட்டு.

கடைசியில் அத்தை, "ஏனுங்க, கடல்தானே பாக்கணும்?" என்பார். பழனியில் காலையில் வரும் திருச்செந்தூர் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பேன். பாலக்காட்டிலிருந்து வருவது, வண்டி மாற வேண்டியதில்லை. ஆறுபடை வீட்டில் கடலோரம் இருப்பது அது ஒன்றுதான். முருகனும் ஆச்சு, கடலும் ஆச்சு. பெட்டிக்குள் பழனியாண்டவருக்கும் தடையில்லை.

போன முறையும் போனோம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். அலை வந்து முழங்காலை நனைத்துவிட்டுப் போனது. வெகுநேரம் கடலையே பார்த்தவர், "இந்நேரத்துக்கு இத்தாலியில தண்ணி ஜில்லுனு இருக்கும்ல மாப்ளே?" என்றார். நாழிக் கிணற்றில் குளித்துக் கடல் உப்பைக் கழுவிக்கொண்டு மறுநாள் அதே ரயிலில் ஊர் திரும்பினோம்.

2011-இல் எடுத்த பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் 2021-இல் காலாவதியானது. உடனே புதுப்பித்துவிட்டார். இது 2031 வரை செல்லும்.