யதுகிரியில் வனவிலங்கு தரிசனம்

பந்திப்பூர், நாகரஹொளே என்று கானகங்களைச் சில தினங்களில் சுற்றிக்காட்டும் யாத்திரை ஏற்பாட்டாளர்கள் யதுகிரி என்னும் மேல்கோட்டைக்கும் அரைநாள் அனுக்கிரகிக்கிறார்களாயினும், ஓநாய்களை உத்தேசித்து 1974-இல் சர்க்கார் பிரகடனம் செய்த சரணாலயம் இவ்வூரை ஒட்டியே கிடக்கிறதென்று சொல்ல வழிகாட்டிக்கு அவகாசமிருப்பதில்லை. அர்ஜென்டினா சென்று, 1934-இல் தேசியப் பூங்காவாகிய இகுவாசுவின் அருவிகளைக் கண்டு மீண்ட பிரமுகர் ஒருவர், யோக நரசிம்மர் மலைப்படிகளில் மூச்சிரைக்க ஏறி, வனத்தை நாடித் தொலைநோக்கியைத் திருப்பியபோது, கீழே கல்யாணிக் குளத்தருகே சினிமாக்காரர்கள் நடனமொன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தனர். ஓநாய் வரவில்லை. வந்தது குரங்கு, தொன்னையிலிருந்த புளியோதரையை, வேர்க்கடலை ஒன்றுகூட மிச்சமின்றி, அது ஸ்வீகரித்துக்கொண்டது. கட்டணத்தில் அடங்கிய வனவிலங்கு தரிசனமாகவே வழிகாட்டி அதைக் கணக்கெழுதினார்.