பிரம்மாவும் புதுப்பேட்டையும்

மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தன் கையாலேயே சிருஷ்டித்துவிடுவது என்று தீர்மானித்தவன் முதலில் வாங்க வேண்டியது எஞ்சினா, சக்கரமா, பெட்ரோல் டாங்கா என்ற விஷயத்தை 1993ஆம் வருஷத்துத் தை மாதத்தில் ஒரு வார காலம் ஆபீஸ் வேலையைக்கூடக் கவனியாமல் ஆலோசித்து, மூன்றுக்கும் தனித்தனியே அநுகூலமான நியாயங்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டுதான் நான் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே பழைய சாமான் கடை வைத்திருந்த பாய், என் நியாயங்களில் பாதியைக் கேட்பதற்குள்ளாகவே, "மொதல்ல புக்கு வாங்கு சார்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது ஆர்.சி. புத்தகத்தை. அது கையில் இல்லாதவன் தேவேந்திரனுடைய ஐராவதத்தையே பூட்டி நிறுத்தினாலும் அது எடைக்குப் போட வேண்டிய இரும்புதான் என்பதும், அது கையில் உள்ளவன் எடைக்குப் போட வேண்டிய இரும்பை நிறுத்தி வைத்தாலும் அது வாகனம்தான் என்பதும் அவருடைய சித்தாந்தம். ஆகவே என்னுடைய மோட்டார் சைக்கிள் ஒரு காகிதமாகத்தான் பூமியில் அவதரித்தது. 1976ல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட் ஒன்றின் புத்தகம். ஓரங்களைக் கரையான் ருசி பார்த்திருந்தது. விலை 2,200 ரூபாய். கறிகாய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைப்பதுபோல், புத்தகம் வாங்கியதற்குக் கொசுறாக அதில் கண்ட எண் வெட்டப்பட்ட சேஸ் ஒன்றும் கிடைத்தது.

இந்த ஆசை என்னைப் பற்றியதன் புண்ணியத்தில் பாதி ஜி.டி. நாயுடு அவர்களைச் சேரும். கலங்கல் கிராமத்துப் பிள்ளையாகிய அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மதிமயங்கி, அதற்காகவே கோயம்புத்தூரில் ஹோட்டல் சிப்பந்தியாக வேலை பார்த்து, 300 ரூபாய் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பிறகு பூட்டியும்விட்டார் என்ற வரலாற்றை நான் பிள்ளைப் பிராயத்திலேயே கேட்டிருக்கிறேன். அதில் கழற்றுகிற பாகத்தை வீட்டுக் கடிகாரத்தைக் கொண்டு அப்போதே அப்பியாசம் செய்து முடித்தும் இருக்கிறேன். மற்றப் பாதி, திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் பத்திரிகையைச் சேரும். 1950களிலும் 60களிலும் லண்டன் காப்பிக் கடைகளை மையமாக வைத்துப் பந்தயம் விட்ட வாலிபர்கள், நார்ட்டன் வண்டியின் சட்டத்தில் டிரையம்ஃப் வண்டியின் எஞ்சினை ஏற்றி, இரண்டு பெயர்களையும் வெட்டி ஒட்டி, டிரைட்டன் என்று நாமகரணம் செய்திருந்தார்களாம். தாழ்ந்த ஹாண்டில் பாரும் ஒற்றை ஆசனமும் வெட்டுக்கிளியைப்போல் தூக்கிய வாலுமாக அதன் படம் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த கணத்தில், சீட்டு எடுத்து வைத்திருந்த 12,000 ரூபாய்க்கு என் மனத்திலே செலவு எழுதியாகிவிட்டது.

படத்தை என் மனைவியிடம் காட்டினேன். அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் எங்கேங்க உட்கார்றது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வடிவ லக்ஷணத்தைப் பற்றியும், அநாவசியமானவற்றைக் களைவதே கலை என்பதைப் பற்றியும் நான் கால்மணி நேரம் பதில் சொன்னேன். 'அநாவசியம்' என்ற வார்த்தையை அந்தச் சந்தர்ப்பத்தில் பிரயோகித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் மறுவார்த்தை பேசாமல் வீட்டுக் கணக்கு நோட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பி, 'இரும்பு' என்று தலைப்பு எழுதிக்கொண்டாள்.

கூவத்தின் கரையிலிருக்கும் புதுப்பேட்டையில் ஒரு கடையில் கதவுகள் மட்டும் இருக்கும். அடுத்த கடையில் சைலன்ஸர்கள் மட்டும். அதற்கும் அடுத்ததில், மண்ணெண்ணெயில் குளித்து எழுந்த பல்சக்கரங்கள் டால்டா டப்பாக்களில் ஜாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். நான்கு மாதம் சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே அலைந்து, ஒரு சந்தில் எஞ்சினும், இரண்டாவது சந்தில் கியர்பாக்ஸும், மூன்றாவதில் 19 அங்குல ரிம்கள் இரண்டுமாகச் சேகரித்தேன். நார்ட்டனையும் டிரையம்ஃபையும் கூட்டிய அந்த வாலிபர்களுக்கு ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. என் வண்டிக்கு அதே முறையில் பெயர் வைப்பதென்றால் விஷ்ணு சகஸ்ரநாமத்தைப்போல் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருக்கும்.

சாமான்கள் சேர்வது சுலபம். அவை ஒன்றோடொன்று சேர்வதுதான் கஷ்டம் என்பதை எனக்குப் போதித்தது மரை. புல்லட்டின் பூர்விகம் இங்கிலாந்து ஆகையால் அதன் பழைய போல்ட்டுகளில் பல அங்குலத்துக்கு 26 மரை என்ற அந்நாட்டுச் சைக்கிள் கணக்கில் கடையப்பட்டவை. என் தெருமுனை ஹார்டுவேர்க் கடையில் கிடைப்பவையோ மில்லிமீட்டர் கணக்கில் வந்தவை. 5/16 அங்குலம் என்பது ஏறக்குறைய 7.9 மில்லிமீட்டர், கடைப் போல்ட் 8 மில்லிமீட்டர், கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கடைப் போல்ட்டை எடுத்துப் பழைய துவாரத்தில் வைத்துத் திருகினால், முதல் இரண்டு சுற்று சம்பந்திகளைப்போல் உபசாரத்தோடு உள்ளே போய், மூன்றாவது சுற்றில் சம்பந்திகளைப்போலவே முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். அந்த இடத்தில் விவேகி நிறுத்தியிருப்பான். நான் ஸ்பேனரின்மேல் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, பிடியை நீளமாக்கிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்து ஒரு திருகு திருகினேன். உள்ளே ஏதோ 'நறுக்'கென்று மனம் விட்டது. பிறகு போல்ட் எவ்வித ஆக்ஷேபமுமின்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டேயிருந்தது. மறுநாள் பார்க்க வந்த லேத் மேஸ்திரி விரலை விட்டுத் துழாவிப் பார்த்து, "மரை கழண்டுபோச்சு சார்" என்று உரக்கச் சொன்னார். "யாருக்கு?" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

இம்மாதிரியான வேளைகளில் எனக்கு ஆறுதலளித்தவர் பர்ட் மன்ரோ. நியூஜிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊரில் வசித்த இவர், 1920ல் வாங்கிய இந்தியன் ஸ்கௌட் என்ற அமெரிக்க வண்டியை, மணிக்கு 55 மைலுக்குமேல் போகாத சாதுவாக இருந்ததை, தம் கொட்டகையில் தாமே பிஸ்டன் வார்த்து வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி, 1967ல் அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் மணிக்கு 183 மைலுக்குமேல் ஓட்டிக் காட்டினார். அப்பிரயத்தனத்தில் வெடித்தும் உருகியும் போன பாகங்களையெல்லாம், வேகத்தின் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை என்று எழுதி ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாராம். நானும் என் ஜன்னல் விளிம்பில் பொருந்தாத போல்ட்டுகளை அடுக்கினேன். வாரக் கடைசியில் முப்பத்தொன்று இருந்தன. அவற்றை எந்தத் தெய்வத்தின் பெயரில் எழுதுவது என்பதுதான் புலப்படவில்லை.

டாங்கின் உட்புறத் துருவுக்குப் பாய் கொடுத்த வைத்தியம் புளி. ஒரு கிலோ புளியைக் கரைத்து ஊற்றி மூன்று இரவு ஊறவிட்டதில் டாங்கு வெள்ளிப் பாத்திரம்போல் ஆயிற்று. எங்கள் வீட்டில் அந்த வாரம் ரசம் இல்லாமல் ஆயிற்று. 'இரும்பு' என்ற தலைப்பின் கீழ் 'புளி 1 கிலோ' என்று பதிவு செய்த கணக்கு நோட்டு தமிழ்நாட்டில் வேறெங்கும் இருக்குமென்று தோன்றவில்லை.

புளியையாவது மன்னிக்கலாம், சிகரெட் விஷயம் அப்படியன்று. எஞ்சினுக்குள் தீப்பொறி சரியான க்ஷணத்தில் பிறக்க வேண்டுமானால், சி.பி. பாயிண்ட் என்கிற இரண்டு சிறு முனைகள் பிஸ்டன் உச்சியை அடையும் தறுவாயில் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். முழுதும் விலகியபோதும் இடைவெளி 0.4 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. விலகும் அந்தக் க்ஷணத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சிகரெட் பெட்டியின்மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளில் ஒரு துண்டை முனைகளுக்கு நடுவே கொடுத்து, மெல்ல இழுத்துப் பிடித்தபடி எஞ்சினைச் சுழற்றினால், தாள் எப்போது விடுபட்டுக் கையோடு வருகிறதோ அதுவே முகூர்த்தம். ஜன்மத்தில் புகை பிடித்தறியாத நான், பெட்டிக்கடையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஒரு பாக்கெட் வாங்கி, தாளை உபயோகித்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைப் பையிலே மறந்துவிட்டேன். துணி துவைக்க எடுத்தவளிடம், அது தீப்பொறியின் முகூர்த்தம் பார்க்க வாங்கியது என்று நான் சத்தியத்தைத்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, சத்தியத்துக்கும் கொஞ்சம் ஒத்திகை தேவை என்பது விளங்கிற்று.

ஆனாலும் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வண்டி பூர்த்தியாயிற்று. மஞ்சள் வர்ணம், ஒற்றை ஆசனம், தூக்கிய வால். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை உதைப்பானை மெல்ல அமுக்கி, டிகம்ப்ரஷன் நெம்பைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, விட்டு, பிறகு உதைக்க வேண்டுமென்று சாஸ்திரம். ஆவல் மிகுதியால் நடுவிலுள்ள இரண்டு அங்கங்களை நான் விட்டுவிட்டேன். உதைத்தது நான் அல்ல, வண்டி. முழங்காலுக்குக் கீழே உருளைக்கிழங்கு அளவுக்கு வீங்கிய காலோடு சாஸ்திரோக்தமாக மறுபடி உதைத்தபோது, 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் தன் 90 மில்லிமீட்டர் பாதையில் ஏறி இறங்கத் தொடங்கி, அந்த 'தடதட' சப்தம் ஓட்டுக் கூரையிலிருந்து புழுதியை உதிர்த்தபோது, என் கண்கள் நிறைந்துவிட்டன. கால் வலியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதினைந்து வருஷ ஆயுள் முடிந்துவிட்ட பதிவைப் புதுப்பிக்க வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் காத்திருந்தபோது எனக்கு விக்கிரமாதித்தனுடைய வேதாளத்தின் ஞாபகம் வந்தது. வெட்டுண்ட இரண்டு பேரின் தலைகளை ஒரு பெண் பதற்றத்தில் உடல் மாற்றி வைத்துவிட, இருவரும் உயிர்பெற்று எழுகிறார்கள். அவர்களில் அவளுடைய கணவன் யார் என்று கேட்கிறது வேதாளம். தலை எவனிடம் இருக்கிறதோ அவனே என்கிறான் ராஜா. என் வண்டிக்குத் தலை எது? எஞ்சின் என்று நான் நினைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார்; எஞ்சினை ஏறிட்டும் பாராமல் குனிந்து, சேஸில் வெட்டியிருந்த எண்ணின்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் எழும்பி வந்தது. வேதாளம் ஒரு பதிலைப் பெற்றுக்கொண்டது.

அடுத்தபடியாக அவர் புத்தகத்தைப் பிரித்தார். எஞ்சின் எண் வேறாக இருந்ததற்கு ரசீது காட்டி எழுதி வாங்கிக்கொள்ள வழியுண்டு என்றார். "கலர் கறுப்புன்னு இருக்கு, வண்டி மஞ்சளா நிக்குது" என்றார். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை, பதிவில் கண்டதற்கு மாறாக வண்டியை உத்தரவில்லாமல் மாற்றக் கூடாது என்கிற அந்தப் பிரிவை, சற்றும் கோபமில்லாமல், வாத்தியார் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எடுத்துச் சொன்னார். பிறகு ஆசனத்தை நோக்கினார், புத்தகத்தை நோக்கினார்.

"சீட்டிங் ரெண்டு பேர்னு போட்டிருக்கே சார், ரெண்டாவது ஆள் எங்கே உட்கார்றது?"

எட்டு மாதத்துக்கு முன் எங்கள் கூடத்தில் கேட்ட அதே கேள்வி. வடிவ லக்ஷணத்தைப் பற்றி அவரிடம் நான் பிரஸ்தாபிக்கவில்லை.

மறுபடி புதுப்பேட்டை. இரட்டை ஆசனம், முழு மட்கார்டு, பழைய உயரத்து ஹாண்டில் பார், கறுப்பு வர்ணம், டாங்கின் இருபுறமும் கையாலேயே இழுத்த தங்கநிறக் கோடு. அந்தக் கோட்டைச் சிறு தூரிகையால் நடுக்கமில்லாமல் ஒரே மூச்சில் இழுத்த கிழவரின் விரல்களைப் பார்த்தபோது மட்டும், செலவழித்த பணத்தில் ஒரு பாகத்துக்கு நியாயம் கிடைத்ததாக எனக்குத் தோன்றியது. 'இரும்பு'ப் பக்கத்தின் அடியில் கண்ட கூட்டுத்தொகை 19,640 ரூபாய், புளி உட்பட.

தை வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு இருவரும் அதில் போய் இறங்கினோம். செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, வண்டியை ஒருமுறை வலம் வந்து, டாங்கைத் தடவிப் பார்த்தார். புல்லட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"எழுபத்தாறு மாடலா? ஒரு சாமானும் மாத்தாம, கம்பெனியில குடுத்த மாதிரியே வெச்சிருக்கீங்களே தம்பி!" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின் ஆசனத்திலிருந்து இறங்கிப் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "ஆமாங்க ஐயா, இவர் எதையுமே மாத்த விடமாட்டார்."