மாத்திரை வந்தது, தூக்கமும் வந்தது

பெண்களின் காம ஆசைக் குறைவுக்கென்று அமெரிக்காவில் ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு 2015-இல் அனுமதி கிடைத்தது. பிறப்பில் அது மனச்சோர்வு மருந்து. அந்த வேலைக்கு லாயக்கில்லை என்றதும் படுக்கையறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டது. இரண்டு முறை ஃபெயிலாகி மூன்றாவதில் பாஸ்.

தினமும் ஒன்று, படுக்கப் போகும்போது விழுங்க வேண்டும். பக்கவிளைவு: தூக்கம், தலைசுற்றல். ஆசை வந்து கதவைத் தட்டுவதற்குள் குறட்டை வந்து தாழ் போட்டுவிடும். சோதனைகளில் வெற்று மாத்திரையைவிட இது கூடுதலாகத் தந்தது, சராசரியாக மாதம் ஒரு நல்ல இரவு. அதுவும் தாராளமாகக் கணக்குப் போட்டால். மதுவோடு சேர்ந்தால் என்னாகும் என்று பார்க்க 25 பேரைச் சேர்த்தார்கள். பெண்களுக்கான மருந்தல்லவா? 23 பேர் ஆண்கள்!

அனுமதி வந்த கையோடு கம்பெனி சுமார் 100 கோடி டாலருக்குக் கைமாறியது. யாரோ சிலருக்கு அந்த வாரம் ஆசை நிறைவேறியது உறுதி.

தைராய்டு, பிரசவம், தூக்கமின்மை, உறவில் கசப்பு, ஏன், மனச்சோர்வு மாத்திரைகள் பலவுமே ஆசையைக் குறைக்கும். நல்ல டாக்டர் முதலில் இவற்றைத்தான் விசாரிப்பார். ஆசை குறைந்தது அந்தப் பெண்ணுக்கே வருத்தம் தராவிட்டால் அது நோயே அல்ல என்கிறது மருத்துவ இலக்கணம்; வீட்டுக்காரரின் வருத்தம் கணக்கில் வராது. ராத்திரி பாத்திரம் துலக்கித் தரும் கணவனுக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால், அந்தச் சிகிச்சைக்கு மட்டும் விளம்பரம் வருவதில்லை.