வழி சொல்லும் தகுதி: தாம்பரம் வட்டாரக் குடியேற்றவியலில் ஒரு சிற்றாய்வு

புதிதாக ஓர் ஊருக்கு வந்தவர் எந்த நாளில், எந்த நாழிகையில் அந்த ஊர்க்காரர் ஆகிறார் என்ற கேள்விக்கு நம் அறிஞர்கள் முறையான விடை சொன்னதில்லை. கல்வெட்டுகளில் தேடிப் பயனில்லை. அரசன் ஊரைத் தானம் கொடுத்த செய்தி அங்கே இருக்கும். ஊருக்கு வந்தவன் எந்தக் கடையில் கடன் சொன்னான் என்ற செய்தி இருக்காது. இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு, தாம்பரமும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் ஆய்வுக்களமாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

காரணம் உண்டு. இங்கே குடிவந்தவர் மட்டுமல்ல, மாநகரமே புதுசு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம் மாநகராட்சி உருவானது. 5 மண்டலம், 70 வார்டு. ஆகவே 2020-இல் இங்கே வாடகைக்கு வந்தவர் தன் மாநகராட்சியைவிட ஒரு வயது மூத்தவர். மதுரைக்கு மாற்றலாகிப் போகிறவருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

முன்னோர் கொள்கைகள் இரண்டு. ஒன்று பத்திரவாதம்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸை எண்ணி வைத்த கணமே ஒருவர் ஊர்க்காரர் என்பது. ஆனால் அந்த ஒப்பந்தம் 11 மாதத்துக்கானது. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகையைப் பதிவு செய்ய வேண்டாம் என்ற பழைய வசதியில் பிறந்தது அந்தப் 11. புதிய வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்து எல்லா ஒப்பந்தத்தையும் பதியச் சொன்ன பிறகும் அது அசையவில்லை. பன்னிரண்டாவது மாதத்தில் குடியிருப்பவர் யார் என்று கேட்டால் பத்திரவாதிகள் பேச்சை மாற்றுகிறார்கள்.

மற்றொன்று அடுப்பங்கரைவாதம். இது சற்று வலுவானது. பால் காய்ச்சியாயிற்று, ஆவின் பாக்கெட்டில் நீலமா பச்சையா ஆரஞ்சா என்று வீட்டுக்குள் தீர்மானமாயிற்று, 20 லிட்டர் கேன் போடும் தம்பியின் நம்பர் கிடைத்தது, போர் தண்ணீரின் உப்புக்கு எந்தப் பருப்பு வேகும், எது வேகாது என்பதும் விளங்கிவிட்டது. இவ்வளவும் கைவந்தவர் பிழைத்துக்கொள்வார், ஐயமில்லை. ஆனால் பிழைத்துக்கொள்பவரையெல்லாம் ஊர்க்காரர் என்று ஒப்புக்கொண்டால் கொசுவுக்கும் வாக்காளர் அட்டை தரவேண்டி வரும்.

இக்கட்டுரையின் துணிபு வேறு. யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி வழி கேட்க, தயங்காமல் கை நீட்டி வழி சொல்கிற நாளில்தான் ஒருவர் ஊர்க்காரர் ஆகிறார். இதற்கு ஒரு நுட்பமான நிபந்தனையும் உண்டு. அது உரிய இடத்தில் வரும்.

வழி சொல்லுதலின் அரிச்சுவடி, "ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?" என்ற கேள்வி. 1931 மே 11 அன்று கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் 2004 வரை தாக்குப்பிடித்தது. அந்தத் தண்டவாளம்தான் ஊரை இரண்டாக வகிர்ந்தது. மேற்கே சண்முகம் சாலை மார்க்கெட்டும் முடிச்சூர் ரோடும். கிழக்கே வேளச்சேரி ரோடும் கேம்ப் ரோடும் விமானப்படை நிலையமும். தபால்காரருக்கும் இவை இரண்டு ஊர்கள்: மேற்குக்கு 600045, கிழக்குக்கு 600059. (1972 ஆகஸ்ட் 15-இல் வந்த இந்த ஆறு இலக்க முறையை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞர். யாப்பு தெரிந்தவர் கைபட்டதால்தான் அது இன்றும் தளை தட்டாமல் ஓடுகிறது.) ஸ்டேஷனில் தப்பான பக்கம் இறங்கியவர் நடைமேம்பாலம் ஏறித் திரும்பிவர வேண்டும். முதல் பாடத்தை இந்த ஊர் முழங்கால் வழியாகவே புகட்டுகிறது.

பக்கம் தெரிந்ததும் தெரு. நம் தருக்க மரபில் அறிவுக்குக் கருவியாக அளவைகள் சொல்லப்பட்டுள்ளன: காட்சி, கருதல், உரை. மூன்றையும் புறநகரில் நிறுத்திப் பார்ப்போம்.

காட்சி அளவை நிற்காது. கண்ணால் கண்ட பேக்கரி அடுத்த ஆனி மாதத்துக்குள் மொபைல் கடையாகி, அதற்கடுத்த தையில் பல் ஆஸ்பத்திரியாகிவிடும்.

கருதல் அளவை அதைவிட மோசம். இரண்டாவது குறுக்குத் தெருவைத் தாண்டினால் மூன்றாவது வரும் என்று கருதுவது நியாயம்தானே? இங்கே இரண்டுக்கு அடுத்தது ஏழாக இருக்கும். அதற்கடுத்தது ஒரு காம்பவுண்டுச் சுவர். இது விதியின் விளையாட்டு அல்ல, வரலாறு. வயலும் புஞ்சையுமாகக் கிடந்த நிலத்தை அவரவர் தனித்தனியே மனை பிரித்து, அவரவர் விருப்பப்படி நகர் என்று பெயர் வைத்து விற்றார்கள். ஒரு மனைப்பிரிவின் கடைசித் தெருவுக்கும் அடுத்த மனைப்பிரிவின் முதல் தெருவுக்கும் உறவு கிடையாது. பங்காளிச் சுவர் மட்டும் உண்டு. கதவு எண்ணோ பல இடங்களில் தெருவின் வரிசையைப் பார்ப்பதில்லை. லே-அவுட் வரைபடத்து மனை எண்ணே வாசலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 14-க்கு எதிரே 63 நிற்பது அதனால்தான். அதன்மேல் பழைய எண், புதிய எண், மின் இணைப்பு எண். பத்து உள்ளாட்சிகள் ஒன்றானபோது ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு காந்தி தெருவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தி தெரு இல்லாத பேரூராட்சியைத் தமிழ்நாட்டில் எங்கே தேடுவது?

மிஞ்சுவது உரை அளவை. அதாவது ஆப்த வாக்கியம், நம்பத்தக்கவர் சொல். புறநகரில் ஆப்தர் யார்? ஆட்டோக்காரரா? அவர் ஸ்டாண்டின் எல்லைக்குள் மட்டுமே பிரமாணம். டீக்கடைக்காரர் நெரிசல் நேரத்தில் வாய் திறக்கமாட்டார். நீண்ட பரிசீலனைக்குப் பின் இந்த ஆய்வு தேர்ந்தெடுத்த ஆப்தர், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் கம்பெனிச் சட்டை, யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்கு மூட்டை மூட்டையாகத் தெரியும். மாடம்பாக்கம் பக்கம் கேட்ட ஓர் உரையாடல்:

"அண்ணா, நாலாவது குறுக்குத் தெரு எங்க?"

அவர் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கிறார். "யார் வீட்டுக்கு?"

"வாடகைக்கு வீடு பாக்க வந்தோம்."

"அப்போ டீச்சர் வீடு. மாடி காலி. நேரா போங்க தம்பி, புளியமரம் வரும். அங்க லெப்ட்டு."

"புளியமரமா? வர்ற வழியில ஒண்ணும் பாக்கலையே?"

"மரம் இப்போ இல்ல. ரோடு போட்டப்போ வெட்டிட்டாங்க. புளியமரம்னாதான் எல்லாருக்கும் தெரியும்."

இந்த ஆய்வின் மையத் தேற்றம் இங்கேதான் பிறந்தது. காட்சிக்கு இல்லாத, கருதவும் முடியாத ஒரு மரத்தின் அடியில் தினமும் நூறு பேர் இடப்பக்கம் திரும்புகிறார்கள். முன்னே சொன்ன நிபந்தனையை இப்போது சொல்லலாம்: வெட்டப்பட்ட புளியமரத்தை வைத்து வழி சொல்வது போதாது, தான் வருவதற்கு முன்பே வெட்டப்பட்ட புளியமரத்தை வைத்து வழி சொல்ல வேண்டும். தான் ஒருநாளும் பார்த்திராத மரத்தைச் சுட்டி, "அங்க லெப்ட்டு" என்று ஒருவர் வாய் கூசாமல் சொல்லும்போது குடியேற்றம் நிறைவெய்துகிறது.

இது தனிமனித வழக்கம் மட்டுமா என்றால், இல்லை. இந்த வட்டாரமே இப்படித்தான் தன்னை அடையாளம் சொல்கிறது. குரோம்பேட்டையில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். சானடோரியம் ஸ்டேஷன் இன்னும் சுவை. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து, காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டுமென்று நகரத்துக்கு வெளியே தேடி வந்து இங்கே ஆரோக்கிய நிலையம் அமைத்தார். 1937-இல் அரசு அதை ஏற்றது. ஆஸ்பத்திரி இன்றும் பெரிதாக நடக்கிறது. காற்றைத்தான் காணோம். நல்ல காற்றுக்காக நோயாளிகள் வந்து இறங்கிய இடத்தில் இன்று ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகைக்கு மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு ஆரோக்கியமானவர்கள் இறங்குகிறார்கள். ஆனாலும் ஸ்டேஷன் பெயர் அதேதான், ஏனென்றால் அதுதான் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வட்டாரத்தில் மிகப் பழைய குடியேற்றச் சான்று பல்லாவரத்தில் கிடைத்தது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கோடரியின் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்தபோது சாமானை விட்டுவிட்டுப் போன முதல் குடித்தனக்காரர் என்று கொள்ள இடமுண்டு. அதே பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது. பழைய நாற்காலி, பழைய ஃபேன், பழைய ரேடியோ, ரோஜாச் செடி, காதல் பறவை என்று புதுக்குடித்தனத்துக்கு வேண்டியது அத்தனையும் வெயிலில் பரப்பிக் கிடக்கும். பேரம் பேசினால் பாதி விலைக்கு வரும். கோடரி மட்டும் இருப்பு இல்லை.

1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலைவிட்டுச் சேலையூர்க் காட்டுக்கு மொத்தமாகக் குடிபெயர்ந்தது. 365 ஏக்கர். அதைச் சுற்றிக் காடு இருந்த இடமெல்லாம் நகரமாகிவிட, மிச்சக் காடு கல்லூரிக்குள் ஒண்டிக்கொண்டது, புள்ளிமான் உட்பட. வழி சொல்ல இவ்வளவு காலமாக அசையாமல் நிற்கும் அடையாளம் கிழக்குப் பக்கத்தில் அதிகம் இல்லை. ஆனாலும் மக்கள் புளியமரத்தைத்தான் சொல்கிறார்கள்.

இனி தண்ணீர். இந்த வட்டாரத்தில் யாரிடமும் வழி கேட்காத ஒரே ஜீவன் அதுதான். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, செம்பாக்கம் நிரம்பினால் நன்மங்கலத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு என்று ஏரிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்ட காலத்து விலாசத்தை அது மறக்கவில்லை. கலங்கல் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் என்றாலும் அது பழைய அடையாளத்தை வைத்தே திரும்பும். நம் தேற்றப்படி பார்த்தால் இங்கே முழுத்தகுதி பெற்ற ஊர்க்காரர் தண்ணீர்தான், நாமெல்லாம் உள்குத்தகை. திருநீர்மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகே பெருமாளைச் சேவித்தார் என்பது தலபுராணம். ஆழ்வாருக்கே ஆறு மாதம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். அதைப் பார்த்து உள்ளூர்ப் பெரியவர்கள் திடுக்கிட்டிருக்கலாம், தலபுராணம் படித்தவர்கள் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பின் வீடு பார்க்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி வாடகை அல்ல. "2015-ல இங்க தண்ணி வந்துச்சா?" என்பதே. புரோக்கர் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்: "நம்ம தெருவுல சொட்டு ஏறல சார். அடுத்த தெருவுலதான் இடுப்பளவு." அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்டால் அங்கேயும் சொட்டு ஏறவில்லை, அதற்கடுத்த தெருவில்தான் இடுப்பளவு. இப்படியே நடந்துபோனால் ஆற்றங்கரை வந்துவிடுகிறது. வெள்ளம் எப்போதும் அடுத்த தெருவில் வந்த ஒன்று என்பது இந்த ஆய்வின் துணைத் தேற்றம். (கேள்வியை வீட்டுச் சுவரிடம் கேட்பது நல்லது. சுண்ணாம்பு புதிதாக இருந்தாலும், ஸ்விட்ச் போர்டு ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தால் அது சாட்சி.)

கூகுள் மேப் வந்தபின் வழி சொல்வது எதற்கு என்ற ஆட்சேபத்துக்கு விடை சொல்லாமல் போவது முறையாகாது. மேப் உங்களை 200 மீட்டர் அருகே கொண்டுவந்து விடுகிறது. நடுவே தண்டவாளமோ, ஏரியோ, முன்சொன்ன பங்காளிச் சுவரோ நிற்கிறது. சாப்பாடு கொண்டுவரும் பையன் போன் செய்கிறான்: "சார், லொகேஷன்லதான் நிக்கிறேன், சுவருதான் இருக்கு." இவர் கேட்கிறார்: "தம்பி, தண்ணி டேங்க் தெரியுதா?" "எந்த டேங்க் சார், ரெண்டு இருக்கு." "பழசு." அதன்பின் லுங்கியை இறுக்கிக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கையை ஆட்டுகிறார். செயற்கைக்கோள்கள் வானத்திலிருந்து செய்த வேலையை இந்தக் கைதான் முடித்துவைக்கிறது.

தேற்றத்துக்கு வலுவான சான்று இப்போது நம் கண்முன்னே உருவாகிவருகிறது. "பெருங்களத்தூர்ல ஏறிக்கிறேன்" என்பது பல காலம் தென்புறநகர்வாசியின் தனி உரிமை. கோயம்பேடு வரை போகாமல், தீபாவளிக்கு முந்தைய இரவு ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பையும் பிள்ளையுமாக நின்று ஊர் பஸ்ஸைக் கை காட்டி மறிப்பார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தெற்கே போகும் அரசு பஸ்கள் அங்கிருந்து கிளம்பத் தொடங்கியதும், பெருங்களத்தூர் அவற்றின் முதுகுப்பக்கம் தங்கிவிட்டது. ஓர் அடையாளம் இல்லாமல் போகும் கணத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு அபூர்வம்.

அண்மையில் பெருங்களத்தூரில் ஒரு பெண், திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே குடித்தனம் தொடங்கி ஆறேழு மாதம்கூட ஆகாதவர், வந்து இறங்கியதே கிளாம்பாக்கத்தில்தான். போனில் தன் தங்கைக்கு வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்: "பெருங்களத்தூர்ல ஊர் பஸ் நிக்கும்லா, அதுக்கு எதுத்தாப்புல வாட்டீ."