பெஞ்சில் பிறந்த பேங்க்

கேள்வி: ஆங்கிலத்தில் ஆற்றங்கரையும் பேங்க், பணம் போடும் இடமும் பேங்க். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
– வாசகர் ஒருவர், கரூர்

பதில்: ரத்த சம்பந்தமே உண்டு. இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள். பழைய ஜெர்மானிய மொழியில் அந்தப் பாட்டிக்கு மேடு, திட்டு என்று பொருள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து இங்கிலாந்தில் குடியேறியவர்கள் வழியாக அது கரை ஆயிற்று. இன்னொரு கிளை, உட்காரும் மேடாகி, பலகையாகி, இத்தாலிக்குப் போய் 'பாங்கா' ஆனது. அங்கே நாணயம் மாற்றுவோர் சந்தையில் பலகை போட்டுத்தான் தொழில் நடத்தினார்கள். அந்தப் பலகையே 15-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வங்கியாக வந்தது.

திவாலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' பிறந்தது 'உடைந்த பலகை' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து. விருந்துக்கான 'பேங்க்வெட்' சின்னப் பலகை. நம் பள்ளிக்கூட பெஞ்சும் இதே குடும்பம்தான். விருந்தையும் திவாலையும் ஒரே வீட்டில் பெற்று வளர்த்த சொல் வேறு எது? எனக்கு இது அலுக்காத அதிசயம்.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புவதும் பேங்க்தான். கரையின் சரிவு அங்கே ஏறிக்கொண்டது.

ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது 'பிளட் பேங்க்'. 1937-ல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் டாக்டர் பெர்னார்ட் ஃபேன்டஸ் வைத்த பெயர். போட்டுவைத்தால்தான் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கையே அவர் ரத்தத்துக்கும் பொருத்தினார். உடல்நலம் இடம் கொடுத்தால், கரூர் வாசகரே, அந்த பேங்கிலும் ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள்.