கேரவன் மாமா

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் நம்மவர்கள் இருக்கும் எந்த சொசைட்டிக்குப் போனாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். எங்கள் சொசைட்டியில் கேரவன் மாமா. சாஸ்திரி பவனில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவர். கிராஜுவிட்டி வந்த கையோடு எட்டு வயசான டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, இரண்டு கட்டில், ஒற்றை அடுப்பு, காபி ஃபில்டருக்கு ஒரு தட்டு என்று வீடாக்கினார். ஜன்னல் திரை, மாமியின் பழைய ஒன்பது கஜம்.

விலை சல்லிசு. டெல்லியில் டீசல் வண்டி பத்து வயசுக்கு மேல் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதை, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. விற்றவருக்கு அவசரம். மாமாவுக்கு என்ன அவசரம்?

போகவேண்டிய ஊர் ஒடிசாவில், பாலசோர் பக்கத்து சாந்திப்பூர். அங்கே வற்றத்தில் கடல் ஐந்து கிலோமீட்டர் வரை உள்வாங்கிவிடும். கரையிலேயே வண்டியைப் போட்டுத் தங்க வேண்டும் என்பது திட்டம். "கார்த்தால எழுந்து பார்த்தா சமுத்திரத்தையே காணோம்டா! தினம் சுமார் அம்பது நிமிஷம் லேட்டா வரும். நம்ம ரயில் மாதிரி இல்லே, சொல்லிட்டு லேட்டா வரும்."

முட்டுக்கட்டை, தேதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம், சக்கரம் நனையும். ஏற்றம் குறைவது அஷ்டமி, நவமியை ஒட்டி. மாமியோ அன்றைக்கு வாசற்படி தாண்டமாட்டார்.

"பஞ்சமியில கிளம்பினா அஷ்டமிக்கு அங்க இருப்போமே?"

"வழியில வந்தாலும் அஷ்டமி அஷ்டமிதான்னா."

மாமா வீட்டுப் பாம்புப் பஞ்சாங்கத்தில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஏற்றம், வற்றம் குறித்திருக்கிறது. இரண்டு பஞ்சாங்கம் தீர்ந்துவிட்டது.

எங்கள் பார்க்கிங்கிலும் இதெல்லாம் உண்டு. காலை ஒன்பதுக்குக் கார்கள் வற்றும். ராத்திரி எட்டுக்கு ஏறும். நடுவில் இரண்டு கார் இடத்தை அடைத்துக்கொண்டு, தரை தட்டிய கப்பலாக மாமாவின் வண்டி. "அங்கிள்ஜி, யே கப் ஜாயேகா?" என்று செக்ரட்டரி கேட்டால், "பானி உதர்னே தோ" என்பார் மாமா. செக்ரட்டரிக்கு இன்னும் விளங்கவில்லை.

நடுவில் டிரையல் வேறு. ஒரு ஐப்பசி ராத்திரி மாமா வண்டியிலேயே படுத்தார். கொசுவத்தி, டார்ச், டிரான்சிஸ்டர் எல்லாம் தயார். பத்து மணிக்கு மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து குரல்: "தோசை ஆறிண்டிருக்கு, மேல வாங்கோ!" காம்ப்பிங் அத்துடன் முடிந்தது.

நேற்று உள்ளே ஏறி மீட்டரைப் பார்த்தேன். மாமா கைக்கு வந்தபின் ஓடியது 38 கிலோமீட்டர். வாகன பூஜைக்கு உத்தர குருவாயூரப்பன் கோயில், பொல்யூஷன் சர்டிபிகேட், மாமியின் தங்கை பெண் கல்யாணத்துக்குச் சீர்முறுக்கு.

வருகிற தையில் வண்டிக்குப் பத்து வயசு.